ஸ்ரீநகர் வான்போரை வரைய ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு பயிற்சி

வான்போரை வரைய முற்படுவோர், விமானத்தைத் தொடுவதற்கு முன் சண்டை நடந்த உயரத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தைப் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்கள் தாக்கியபோது, குண்டுவீச்சுக்கு நடுவே ஓடுபாதையிலிருந்து ‘நாட்’ (Gnat) என்ற சிறிய போர் விமானத்தில் மேலெழுந்த பிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோனின் இறுதிப் போரையே இங்கு எடுத்துக்கொள்வோம். இந்திய விமானப்படையில், போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அந்தச் சண்டை மர உச்சி உயரத்தில் நடந்ததாக விருதுச் சான்றுரை கூறுகிறது. ஆகவே, மேகங்களுக்கிடையே அவரை வரைந்தால் படம் அழகாக அமையலாம். ஆனால் கீழிறங்கித் தப்ப இடமே இல்லாத அவருடைய நிலை அதில் மறைந்துபோகும்.

சேலத்தில் இருப்பவர்களுக்கு இதைப் பழக நல்ல இடம் உண்டு. ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து பார்த்தால் சமவெளி ஏறக்குறைய 1,200 மீட்டர் கீழே கிடக்கிறது. அங்கு தெரியும் சிறு வயல் கட்டங்கள் இந்தப் படத்துக்குப் பொருந்தா. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அடிவாரத்தை ஒட்டியவற்றுக்கு இறங்கி, வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி, மரங்களின் தலைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும் அளவைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். லேடீஸ் சீட்டில் கற்க வேண்டியது தூரத்தின் நிறத்தை. தொலைவிலுள்ள குன்றுகளில் கருநிழல்களே முதலில் வெளிறி நீலமாவதைக் கவனித்து, காஷ்மீரின் பீர் பஞ்சால் மலைத்தொடருக்கு அதையே பயன்படுத்தலாம். ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் பசுமையை மட்டும் அங்கே கொண்டுபோகக் கூடாது: டிசம்பர் காஷ்மீரில் சினார், பாப்லர் மரங்கள் இலையுதிர்ந்தும், அறுவடை முடிந்த வயல்கள் பழுப்பேறியும் இருக்கும்.

அம்மாதம் ஸ்ரீநகரில் நண்பகல் சூரியன்கூடத் தொடுவானத்திலிருந்து சுமார் 33 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. எனவே, அட்டையில் செய்த மாதிரி விமானத்தை டிசம்பரில் சேலத்து வெயிலில் வைத்து நிழல் பார்ப்பதாயின், சூரியன் அதே அளவு தாழ்ந்திருக்கும் காலை ஒன்பது மணிக்குள் பார்த்துவிட வேண்டும்.

இரு விமானங்களையும் ஒரே அளவில் வரைவது பலரிடம் காணும் பிழை. நாட் விமானத்தின் இறக்கை விரிவு ஏறக்குறைய 6.7 மீட்டர், சேபருடையது 11.3 மீட்டர், ஒரே தூரத்தில் நாட் 6 செ.மீ. என்றால் சேபர் 10 செ.மீ. வர வேண்டும். நாட் விமானத்தின் இறக்கை உடலின் மேற்பகுதியிலும், சேபரின் இறக்கை அடிப்பகுதியிலும் பொருந்தியிருக்கும். கடுமையாகத் திரும்பும் விமானம் பக்கவாட்டில் நன்கு சாய்ந்தே இருக்கும். உயரம் குறையாமல் 75 பாகை சாய்ந்து திரும்புகையில் விமானி தன் எடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு சுமையை உணர்வார். சுடும் விமானத்தின் மூக்கை எதிரியின் வாலுக்கு நேராக வைக்காமல், எதிரி திரும்பும் பாதையில் சற்று முன்னே வையுங்கள். குண்டு சென்று சேர்வதற்குள் எதிரி நகர்ந்துவிடுவார்.

சான்றுரையின்படி, செகோன் முதலில் இரு சேபர்களை எதிர்கொண்டு ஒன்றைத் தாக்கினார், மற்றொன்றில் தீ மூட்டினார். பிறகு நான்கு சேபர்கள் அவர் ஒருவரைச் சூழ்ந்தன. எந்தக் கணத்தை வரைவது என்பது உங்கள் உரிமை. எனக்கு இரண்டாவது கணமே உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது. அதை வரைவதானால், நான்கையும் வரிசையாக நிறுத்தாமல் ஒன்றைப் பெரிதாக முன்னேயும், ஒன்றைப் படச்சட்டத்தின் விளிம்பில் பாதி வெட்டுண்டும், மற்ற இரண்டை மலையின் நீலத்தில் சிறு கோடுகளாகவும் அமையுங்கள். விமானியின் தலைக்கவசம் பார்வையாளரை நோக்க வேண்டியதில்லை. அது தன்னை நெருங்கும் சேபரின் பக்கம் திரும்பியிருக்கட்டும்.