புரோக்கர் மூலம் ஃபிரான்சைஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கம்பெனியின் பிராண்ட் பெயரிலும் முறையிலும் கடை நடத்தும் உரிமைதான் ஃபிரான்சைஸ். அதை வாங்க விரும்புபவரைக் கம்பெனியோடு சேர்த்துவைக்கும் புரோக்கர் பெரும்பாலும் உங்களிடம் காசு கேட்க மாட்டார். ‘ஆலோசகர்’ என்று விசிட்டிங் கார்டு நீட்டுவார். உங்கள் அனுபவம், ஆர்வம், கையிருப்பு எல்லாவற்றையும் பொறுமையாக விசாரித்து, நாலைந்து பிராண்டுகளைப் பொறுக்கிக் காட்டுவார். இவர் நமக்காக உழைக்கிறார் என்று அப்போது தோன்றும். முதல் தவறு அதுதான். நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு அவருக்குக் கமிஷன் தருவது, ஃபிரான்சைஸை விற்கும் கம்பெனி. நீங்கள் கட்டும் ஆரம்பக் கட்டணத்தில் பாதி வரைகூட அப்படிப் போவதுண்டு. நீங்கள் வாங்காவிட்டால் அவருக்குக் காலணா வராது. இதனால் அவர் ஏமாற்றுக்காரர் என்று ஆகிவிடாது. ஆனால் ‘இது உங்களுக்குச் சரிவராது, விட்டுவிடுங்கள்’ என்று சொல்வதில் அவருக்கு நஷ்டம் இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் பேச்சைக் கேட்க வேண்டும்.

எனவே முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: கமிஷன் யார் தருகிறார்கள், எவ்வளவு, பிராண்டுக்குப் பிராண்டு மாறுமா, உங்கள் பட்டியலில் மொத்தம் எத்தனை பிராண்டுகள்? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். புரோக்கர் காட்டும் பட்டியல், அவருக்குக் கமிஷன் தரச் சம்மதித்த கம்பெனிகளின் பட்டியல். நன்றாக ஓடும் பிராண்டுகள் பலவற்றுக்குப் புரோக்கரே தேவைப்படுவதில்லை. விண்ணப்பங்கள் தாமாகவே வரும். ஆகவே அதே துறையில் புரோக்கர் சொல்லாத 2, 3 பிராண்டுகளையாவது நீங்களே தேடிப்பிடித்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் சொல்லிவிடுவது அடுத்த தவறு. 100 இருக்கிறது என்றால் 95க்கு ஒரு கடையைக் காட்டுவார்கள். கடை தன் செலவைத் தானே தாங்கும் வரை ஆகும் நடைமுறைச் செலவு, குறைந்தது 6 மாத வீட்டுச் செலவு, எதிர்பாராத செலவுக்கு ஒரு தொகை இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதே உங்கள் முதலீடு. அந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

வாய்க்கணக்கு

‘போட்ட பணம் 18 மாதத்தில் திரும்பிவிடும்’ என்று புரோக்கர் சொல்லும்போது அது எந்தக் கணக்கு என்று கேட்காமல் விடுவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பெரும்பாலும் அவர் காட்டுவது விற்பனை, லாபம் அல்ல. அதிலும் நன்றாக ஓடும் சில கடைகளின் சராசரியாக இருக்கும். எத்தனை கடைகளை வைத்து எடுத்த கணக்கு, மூடிய கடைகளைச் சேர்த்தார்களா, கம்பெனி தானே நடத்தும் கடைகளும் கலந்திருக்கின்றனவா, விற்பனைப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் கடையின் விற்பனை எவ்வளவு என்று கேளுங்கள்.

பிறகு நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மாத விற்பனை 100 என்று வைத்துக்கொள்வோம். சரக்குக்கு 35, ராயல்டி (பிராண்டைப் பயன்படுத்துவதற்காகக் கம்பெனிக்குக் கட்டும் பங்கு) 6, கம்பெனியின் விளம்பர நிதிக்கு 2. இவை விற்பனையோடு ஏறி இறங்குபவை. வாடகை 12, சம்பளம் 25, மின்சாரமும் மற்றவையும் 8. இவை அசையாதவை. மிஞ்சுவது 12. விற்பனை 80க்கு இறங்கினால்? முதல் வகைச் செலவு 34.4 ஆகக் குறையும். இரண்டாம் வகை 45 அப்படியே நிற்கும். மிஞ்சுவது 0.6. கடன் தவணை கட்ட வேண்டியதும் இதிலிருந்துதான். விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே லாபம் காணாமல் போகிறது. ராயல்டி விற்பனையின் மேல் கணக்கிடப்படுவதால், நஷ்டத்தில் ஓடும் மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். உங்கள் துறைக்கான விகிதங்கள் வேறாக இருக்கலாம். போடும் முறை இதுதான்.

வாய்க்கணக்கை நம்புவதில் இன்னொரு குழி இருக்கிறது. பல ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில், ‘இதில் எழுதப்பட்டதைத் தவிர வேறு எந்த வாக்குறுதியும் தரப்படவில்லை’ என்றொரு வரி வரும். அதன் கீழே கையெழுத்துப் போட்ட பிறகு, புரோக்கர் சொன்னதைக் காட்டி வாதாடுவது மிகக் கடினம். பக்கத்துப் பகுதியில் வேறு கடை வராது, முதல் வருடம் ராயல்டி தள்ளுபடி என்றெல்லாம் அவர் சொல்லியிருந்தால், அவை ஒப்பந்தத்துக்குள் ஏற வேண்டும். ஏற்றக் கம்பெனி மறுத்தால் அப்படி ஒரு சலுகை இல்லை என்றே கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கையெழுத்துக்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பு, ஃபிரான்சைஸ் விவரங்களைச் சொல்லும் 23 தலைப்புகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணத்தை வாங்குபவரிடம் கம்பெனி கொடுத்தாக வேண்டும். வருமானக் கணக்கு எதையும் 19ஆம் தலைப்பில் இல்லாமல் புரோக்கரும் சொல்லக் கூடாது. மலேசியாவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ஃபிரான்சைஸ் புரோக்கர் பதிவு செய்திருக்க வேண்டும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. அங்கே ஒப்பந்தம்தான் உங்களுக்குக் கவசம், அதுவே கைவிலங்கும்.

யாரிடம் விசாரிப்பது

புரோக்கர் தரும் 3 எண்களை அழைத்துவிட்டு ‘எல்லோரும் நல்லபடியாகச் சொன்னார்கள்’ என்று திருப்திப்படாதீர்கள். அவை பொறுக்கி எடுத்த எண்கள். புதியவரைச் சேர்த்துவிட்டால் கம்பெனியிடமிருந்து அவர்களுக்கே சன்மானம் வரவும் கூடும். நடத்துபவர்கள், விலகியவர்கள் இருவரின் முழுப் பட்டியலையும் கம்பெனியிடம் கேளுங்கள். அமெரிக்க ஆவணத்தில் இது 20ஆம் தலைப்பில் இருக்கும். 10 பேரிடமாவது பேசுங்கள். அதில் 3 பேர் கடையை மூடியவர்களாக இருக்கட்டும். ‘திருப்தியா?’ என்று கேட்டால் ஆம் என்பார்கள். திறக்கும் முன் சொன்ன செலவும் உண்மையில் ஆன செலவும் எவ்வளவு, உங்களுக்கென்று சம்பளம் எந்த மாதத்திலிருந்து எடுத்தீர்கள், கம்பெனியிடம்தான் வாங்க வேண்டிய சரக்கு வெளியே என்ன விலை என்று கேட்டால் கதை வெளியே வரும்.

‘இந்தப் பகுதிக்குக் கடைசி இடம், வெள்ளிக்கிழமைக்குள் டோக்கன் போடுங்கள்’ என்ற அவசரத்துக்கு இணங்க வேண்டாம். பணம் கட்டுவதானால் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள், புரோக்கர் பெயருக்கு அல்ல. எந்தச் சூழ்நிலையில், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பது ரசீதிலேயே இருக்கட்டும்.

வக்கீல், ஆடிட்டர், கடன் தருபவர் மூவரையும் புரோக்கரே ஏற்பாடு செய்துவிடுவார். வசதிதான். ஆனால் அவர்களுக்கும் அடுத்த வாடிக்கையாளர் இவரிடமிருந்துதான் வர வேண்டும். ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் படித்துப் பழகிய வக்கீலை நீங்களே பிடித்து, சில இடங்களை முக்கியமாகப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் வேறு கடை வராது என்ற உரிமை இணைய விற்பனைக்கும் பொருந்துமா, சொந்தச் சொத்தின் மேல் உத்தரவாதம் கேட்கிறார்களா, விலகிய பின் அதே தொழிலை எத்தனை வருடம் செய்யக் கூடாது என்பவை அவை. கடை வாடகை ஒப்பந்தம் 5 வருடமும் ஃபிரான்சைஸ் 10 வருடமும் என்றிருந்தால், பாதியில் இடம் காலியானாலும் மீதி வருடங்களுக்கு நீங்கள் கடமைப்பட்டிருப்பீர்கள்.

ஏற்கெனவே ஓடும் கடையை வாங்குவதென்றால் புரோக்கருக்குக் கமிஷன் பழைய முதலாளியிடமிருந்து வரும். அங்கே கேட்க வேண்டியவை வேறு: 3 வருட வரிக் கணக்கு, ஒப்பந்தத்தில் மீதமுள்ள வருடங்கள், பெயர் மாற்றக் கட்டணம், மாற்றத்துக்குக் கம்பெனியின் எழுத்துச் சம்மதம். மாற்றும் சமயத்தில் கடையைப் புதுப்பித்தாக வேண்டும் என்று கம்பெனி நிபந்தனை போடுவதும் உண்டு. அந்தச் செலவு யார் தலையில் என்பதை விலை பேசும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.