‘கட்டுபடியாகுமா?’ என்ற கேள்வியைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வையுங்கள்

புதுசாக ஒன்றுமே தோன்ற மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள். தோன்றத்தான் செய்கிறது. தோன்றிய அடுத்த நொடியே “அதெல்லாம் ஆவாதுங்க” என்று அவர்களே அதன் கழுத்தைத் திருகிவிடுகிறார்கள். நம் கொங்குப் பக்கம் இது இன்னும் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் எதைப் பார்த்தாலும் நம் வாயில் முதலில் வருவது “கட்டுபடியாகுமா?” என்பதுதான். திருப்பூர் பனியன் கம்பெனியோ, கோவை கணபதியில் லேத்துப் பட்டறையோ, கரூரில் தறிக்கூடமோ, அந்தக் கேள்வியைக் கேட்காதவர் தொழிலில் நின்றதில்லை, அதனால் அதைக் குறை சொல்ல வரவில்லை. அதைக் கேட்கிற நேரம்தான் தப்பு.

1950-இல் ஜே.பி. கில்ஃபோர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், படைப்பாற்றலைப் பற்றி யாருமே உருப்படியாக ஆராயவில்லையே என்று சக உளவியலாளர்கள் கூடிய சபையிலேயே எழுந்து சொன்னார். விரிசிந்தனை, குவிசிந்தனை என்று அவர் பிரித்த இரண்டையும் இன்றைக்கும் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். விரிசிந்தனை என்பது ஒரே விஷயத்துக்குப் பல வழிகளை அடுக்கிக்கொண்டே போவது. குவிசிந்தனை அவற்றில் எது சரி என்று கண்டுபிடிப்பது. இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் இரண்டாவதுதான் ஜெயிக்கும்.

அவர் கொடுத்த பரீட்சைகளில் ஒன்று, ஒரு செங்கலை வைத்து என்னென்ன செய்யலாம் என்று எழுதச் சொல்வது. நாம் செங்கலுக்குப் பதிலாகக் காலி நூல் கோனை எடுத்துக்கொள்வோம், திருப்பூர் ஈரோடு பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, பத்து நிமிடம். எழுதியதை அடிக்கக் கூடாது, யோசித்து அழகாக எழுதவும் வேண்டாம். முதலில் வருவதெல்லாம் எல்லாருக்கும் வருவதுதான்: பேனா ஸ்டாண்ட், புனல், பிள்ளைகளுக்கு ஊதுகுழல். அப்புறம் கை நின்றுவிடும். அங்கே பெரும்பாலும் நோட்டை மூடிவிடுகிறார்கள், அங்கேதான் மூடக் கூடாது. நேரம் ஆக ஆக யோசனைகளின் எண்ணிக்கை குறையும், ஆனால் வித்தியாசம் கூடும் என்பதைக் கில்ஃபோர்டும் அவரோடு வேலை செய்தவர்களும் 1957-லேயே பார்த்திருக்கிறார்கள். கை நின்ற பிறகும் நோட்டைத் திறந்தபடி இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள், எரிச்சலாகத்தான் இருக்கும்.

கோன் வெறும் பயிற்சிக்கு. நாளையிலிருந்து உங்கள் நிஜமான பிரச்சினையை அந்த நோட்டில் வையுங்கள்: கட்டிங்கில் விழும் துணியை என்ன செய்வது, தோட்டத்துக்கு ஆள் கிடைக்காத மாசத்தை எப்படி ஓட்டுவது, பிள்ளைகளுக்குப் பின்னத்தை எப்படிப் புரிய வைப்பது. காலையில் எழுதுங்கள். கட்டுபடியாகுமா என்று சாயங்காலம் வேறு நிறப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து கேளுங்கள்.

கம்பெனியில் மீட்டிங் போட்டு ஐடியா கேட்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நான்கு பேரைக் கூட்டி உட்கார வைத்து யோசனை சொல்லச் சொன்னார்கள். வேறு நான்கு பேரைத் தனித்தனியாக எழுத வைத்து, ஒரே யோசனை திரும்ப வந்தால் ஒன்றாகக் கணக்கிட்டு, நான்கு தாளையும் சேர்த்துப் பார்த்தார்கள். தனித்தனியாக எழுதியவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனை இருந்தது. காரணம் பெரிய ரகசியமில்லை. கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயைத் திறக்க முடியாது, தன் முறை வருவதற்குள் நினைத்தது மறந்துவிடும், மறக்காவிட்டாலும் யார் சிரிப்பார்களோ என்ற பயம். நம் ஊரில் இதோடு இன்னொன்றும் உண்டு: முதலாளி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சுற்றியிருக்கும் மெர்ச்சண்டைசர், பேட்டர்ன் மாஸ்டர், புரொடக்ஷன் மேனேஜர் அத்தனை பேரும் “சரிங்ண்ணா” என்பதோடு மீட்டிங் முடிந்தது. அதனால் முதல் பத்து நிமிடம் பேச்சே வேண்டாம், ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பேர் எழுதாமல். எல்லாச் சீட்டையும் ஒருவரே படிக்கட்டும். முதலாளி கடைசியில் பேசட்டும். டெய்லர்களுக்கும் செக்கிங் பெண்களுக்கும் சீட்டுக் கொடுத்தீர்கள் என்றால் இன்னும் நல்லது, துணியோடு நாள் முழுக்கக் கிடப்பது அவர்கள்தான்.

சரி, இதைத் தினமும் செய்ய வைப்பது எப்படி? “நாளையிலிருந்து காலையில் எழுதுவேன்” என்பது நடக்காது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்ன வழி ரொம்ப எளிது: “இது நடந்ததும் அதைச் செய்வேன்” என்று முன்பே முடிச்சுப் போட்டு வைப்பது. பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் திண்ணையில் நோட்டைத் திறப்பேன். கம்பெனி பஸ்ஸில் சீட்டுக் கிடைத்து உட்கார்ந்ததும் பேனாவை எடுப்பேன். இப்படி ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டிவிட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை மிச்சம்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு: ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. கல்யாணம், கோயில் நோம்பி, ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் என்று ஒரு நாள் போனால் போகட்டும், மறுநாள் டம்ளரைக் கீழே வைத்ததும் உட்காருங்கள்.

எழுதி எழுதி முட்டி நின்றுவிட்டால் நடக்கப் போங்கள். 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெஸ்ஸோ, ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் செய்து பார்த்த சோதனைகளில் நடக்கிறவர்களுக்கு உட்கார்ந்திருப்பவர்களைவிட யோசனைகள் நிறையவே வந்தன, வெறும் சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடந்தாலும்கூட. அதனால் வாலாங்குளம் கரையோ, ரேஸ்கோர்ஸோ, பொள்ளாச்சிப் பக்கம் வாய்க்கால் மேடோ இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் மொட்டை மாடி போதும். ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள சொற்புதிருக்கு நடை உதவவில்லை, கொஞ்சம் கெடுத்தது. காஸ்டிங், அதாவது அடக்க விலைக் கணக்கு, போடுவதற்கு உட்கார்ந்துகொள்ளுங்கள். நடக்கும்போது போனில் ரீல்ஸ் பார்ப்பதாக இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம்.

நடை பலிப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு, உள்ளே சரக்கு இருக்க வேண்டும். கிரஹாம் வாலஸ் 1926-இல் புது யோசனை பிறப்பதை நான்கு கட்டமாகப் பிரித்தார்: தயாரிப்பு, ஊறவிடுதல், பளிச்சென்று தோன்றுதல், சரிபார்த்தல். மூன்றாவதைப் பற்றித்தான் எல்லாரும் கதை சொல்கிறார்கள், ஆனால் கோவைக்காரர்களுக்குத் தெரிந்த இரண்டு உதாரணங்களிலும் முதல் கட்டம்தான் பெரிது. ஜி.டி. நாயுடு ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்தவர். கோவை முருகானந்தம் பஞ்சில் செய்த மாதவிடாய் நாப்கின்கள் சரிவராமல், கடையில் விற்கும் நாப்கினுக்குள் இருப்பது மரக்கூழ் நார் என்று கண்டுபிடிக்கவே வருடக்கணக்கில் அலைந்தார், மலிவான இயந்திரம் அதற்கு அப்புறம்தான். நீங்களும் மாதம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், முக்கியமாக உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமில்லாததை. பனியன்காரர் ஒரு பம்ப்செட்டை, பட்டறைக்காரர் ஒரு ஓவர்லாக் மெஷினை, டீச்சர் ஒரு விசைத்தறியை. ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டாம்.

வேலைக்கு நடுவே வருகிற போன் அழைப்புகளை நிறுத்த முடியாது, சரக்கு வாங்குகிற பையர் கூப்பிட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பாதியில் விட்ட வேலையில் மனசின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதை சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். போனை எடுக்கும் முன், எங்கே விட்டேன், அடுத்து என்ன என்று ஒரு வரி கிறுக்கிவிடுங்கள். திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

அப்புறம், சாயங்காலம் வேறு நிறப் பேனாவால் தள்ளிய யோசனைகளை முழுசாக அடித்துவிடாதீர்கள். ஓரத்தில் தேதியையும் ஏன் கட்டாது என்பதையும் எழுதுங்கள், நூல் விலை என்றால் அன்றைய விலையோடு. நூல் விலை இறங்கும், ஆள் கூலி ஏறும், பையர் மாறுவார். ஒவ்வொரு முறை விலை மாறும்போதும் அந்த ஓரத்தை மட்டும் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும், பக்கம் முழுக்கப் படிக்க வேண்டியதில்லை.