கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு: குப்பைக்கு மூன்று பை, கடலுக்கு ஒரு கணக்கு

மெரினா, எலியட்ஸ், கோவளம், எங்கே போனாலும் கிளம்பும்போதே மூன்றை எடுத்து வையுங்கள். பாட்டில், அட்டை, டப்பாவுக்கு மஞ்சப்பை. சாப்பாட்டு மிச்சத்துக்கு இறுக்கமான மூடி உள்ள டப்பா. டயப்பர், நாப்கினுக்குச் செய்தித்தாளும் ஒரு சின்னப் பையும். மூன்றையும் கலக்காமல் வைப்பதுதான் முக்கியம். ஒரு சட்னிப் பொட்டலம் உடைந்தால் பையில் இருக்கும் அட்டை அத்தனையும் வீண். எண்ணெய் பட்ட பேப்பரைக் காயலான் கடையில் எடுக்க மாட்டார்கள். சுண்டல் சுற்றிய பேப்பரும் அப்படித்தான், அதை மக்கும் குப்பையில் சேருங்கள்.

தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, மணலை உதறி, நசுக்கி, மூடியைத் திருகி மாட்டிவிடுங்கள். பாட்டிலின் பிளாஸ்டிக் நீரில் மூழ்கும், மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும். மறுசுழற்சி ஆலையில் தண்ணீர்த் தொட்டியிலேயே இரண்டையும் பிரித்துவிடலாம். மணலில் தனியாக விழுந்த மூடியோ மிதந்து கடலுக்குப் போகும். சிப்ஸ் பாக்கெட்டின் மூலையை முழுசாகக் கிழிக்காதீர்கள். அந்தச் சின்ன முக்கோணத்தை மணலில் யாராலும் தேடி எடுக்க முடியாது. பாக்கெட்டில் பல அடுக்குகள் ஒட்டியிருப்பதால் காயலான் கடையில் விலை போகாது. வீட்டுக்குக் கொண்டுவந்து மக்காத குப்பையில் போடுங்கள். இளநீர்க் கூட்டைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம்.

கரையில் விட்டது அங்கேயே கிடக்காது. சென்னைக் கரையோரம் அலை தள்ளும் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்கே திரும்புகிறது. குப்பையும் அதோடு போகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த மாதங்களில் ஒரு கவரைக்கூட விட்டுவராதீர்கள். தண்ணீரில் மிதக்கும் கவரை ஆமை ஜெல்லி மீன் என்று விழுங்கிவிடும்.

இனி கடலின் கணக்கு: கனமழை வந்தால் தெருக் குப்பையும் கடலுக்குப் போகும், அந்த மழையைக் கூட்டிக் குறைப்பதில் எல் நினோவுக்குப் பங்கு உண்டு. பசிபிக்கின் நடுப்பகுதியில் கடல் மேற்பரப்பு வழக்கத்தைவிட 0.5 டிகிரி செல்சியஸாவது கூடி, பல மாதம் அப்படியே நீடித்தால் எல் நினோ. அதே அளவு குறைந்து நீடித்தால் லா நினா. 2 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறை வரும் இயற்கைச் சுழற்சி இது. மனிதர்களால் ஏறும் வெப்பம் இதன் மேல் கூடுகிறது. எல் நினோ முடிந்தாலும் அது இறங்காது. எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் குறைத்தாலும் நமக்கான வடகிழக்குப் பருவமழையைக் கூட்டுவதே அதிகம். 2015 வெள்ளம் வலுவான எல் நினோ ஆண்டில் வந்தது. 2016-ல் லா நினா, மழை பொய்த்தது. ஆனாலும் டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 2021-ம் லா நினா ஆண்டுதான், நவம்பரில் நகரம் மிதந்தது. ஆகவே இந்தப் பெயர்களை வைத்துப் பருவத்தின் போக்கை ஊகிக்கலாம், ஒரு நாளின் மழையைச் சொல்ல முடியாது. இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் மாறிமாறிச் சூடாவதும் கணக்கில் சேரும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான வானிலைத் துறை முன்னறிவிப்பை செப்டம்பர் இறுதி வாக்கில் பாருங்கள். எப்படி இருந்தாலும், முதல் கனமழைக்கு முன் தெரு வடிகால் ஓரத்துக் குப்பையை அகற்றச் சொல்லுங்கள். அங்கே கிடப்பது கூவம், அடையாறு வழியாக நேரே கடலுக்குத்தான் போகும்.