புயல் படத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மழை இல்லை

வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் போதும், இன்சாட் செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு மழை சொல்லப் புதிதாகச் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் பழைய ஆட்கள் எல்லோரும் விழுந்து எழுந்த அதே குழியில் ஒவ்வொரு பருவத்திலும் இவர்களும் விழுவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. படத்தில் போட்டிருக்கும் யுடிசி (உலகப் பொது) நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், ஒரு வாரத்தில் தானாகப் பழகிவிடும்.

வெள்ளையைப் பார்த்து மழை சொல்வது

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எனக்கு உறவினர் ஒருவர் இருக்கிறார். ஒரு நவம்பர் மாலையில் வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ அகச்சிவப்புப் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, "அடர்ந்த மேகம் டெல்டா மேல வந்தாச்சு, மூணு மணி நேரத்துல கொட்டப்போகுது" என்று எழுதிவிட்டார். அதை நம்பி, இன்னும் ஒரு வாரம் வயலில் நிற்க வேண்டிய குறுவை நெல்லை இவர் இரவோடு இரவாக மெஷின் பிடித்து அறுத்தார், அவசரத்துக்கு வாடகையும் கூட. மறுநாள் வெளிறிய வெயில்தான், ஒரு சொட்டு இல்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரைதான் எடுப்பார்கள், இது அதைத் தாண்டி நின்றது. நெல்லை ரோட்டில் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பியிருந்தார், இன்றைக்குப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. வட்டம் போட்ட இடம் முழுக்க வெறும் கீற்று மேகம், உயரத்தில் மிதக்கும் மெல்லிய பனிமேகம்.

அது எப்படி வந்தது? கடலின் சூட்டிலும் ஈரத்திலும் எழும் காற்று புயலின் மையத்தைச் சுற்றி வேகமாக மேலே போகிறது. பூச்சியம் டிகிரிக்குக் கீழே போனதும் எல்லாத் துளியும் உறைந்துவிடாது. உறைய ஒரு தூசியோ துகளோ கிடைக்காத துளிகள் கடும் குளிரிலும் நீராகவே மேலே போகும், மைனஸ் 38 டிகிரி வாக்கில்தான் தூசி இல்லாமலே பனியாகும். 16, 17 கிலோமீட்டர் உயரத்தை நெருங்கியதும் காற்றுக்கு அதற்கு மேல் வழி இல்லை, அங்கே வெப்பநிலை மைனஸ் 80 டிகிரியைத் தொடும். தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போலப் பக்கவாட்டில்தான் பரவ வேண்டும். பெரிய பனித்துகள்கள் மையத்துக்கு அருகிலேயே விழுந்துவிடும். பொடித்துகள்கள் மணிக்கணக்கில் மிதந்தபடி பல நூறு கிலோமீட்டர் போகும். அந்தப் போர்வைக்குக் கீழே வறண்ட காற்று இருந்தால், கொஞ்சம் விழும் பனியும் தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும்.

அகச்சிவப்புப் படம் காட்டுவது மேகத்தின் மேல்பக்கக் குளிரை மட்டும்தான், எவ்வளவு குளிரோ அவ்வளவு வெள்ளை. கீழே பத்து கிலோமீட்டர் தடிமனில் மழைமேகம் இருக்கிறதா, இல்லை ஒரு கிலோமீட்டர் பனிப்போர்வைதானா என்று அதற்குத் தெரியாது. இதன் மறுபக்கம் இன்னும் மோசம். வடகிழக்குப் பருவமழையில் கடலோரத்தில் கொட்டும் மேகங்கள் பல நேரம் ஐந்தாறு கிலோமீட்டர் உயரம்கூடத் தாண்டாது, படத்தில் மங்கிய சாம்பலாகத்தான் தெரியும். அதைப் பார்த்து "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், விடிவதற்குள் தெருவில் தண்ணீர் நிற்கும்.

சரி, பிரித்துப் பார்ப்பது எப்படி? ஒற்றைப் படத்தை விட்டுவிட்டு ஓடும் படத்தைப் பாருங்கள். புயல் சென்னைக்குத் தென்கிழக்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்மட்ட மழைப்பட்டைகள் இடஞ்சுழியாக வடக்கு, வடகிழக்கிலிருந்து கரைக்கு வரும். மேலே வெளியேறும் பனிமேகம் பெரும்பாலும் வலஞ்சுழியாக வடக்கு நோக்கி ஓடும். இரண்டும் எதிரெதிர் திசை. ஓரம் பஞ்சைப் பிய்த்த மாதிரி நார்நாராகப் பிரிந்தால் அது கீற்று மேகம். பகலில் கண்ணுறு ஒளிப் படத்தை (நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்தது) திறந்தால் அதன் ஊடே கரையோரக் கோடுகூடத் தெரியும். அப்புறம் காரைக்கால் ரேடாரையோ சென்னை ரேடாரையோ பார்க்காமல் மழை என்று ஒரு வார்த்தை எழுதாதீர்கள். நீங்கள் எழுதுவதை நம்பிப் பயிரை அறுக்க ஒருவர் அரிவாளோடு காத்திருக்கிறார்.

நீராவிப் படத்தை மழைப்படமாக எடுத்துக்கொள்வது

அது நடு, மேல் அடுக்குகளின் ஈரம். தரைக்கு அருகில் என்ன நடக்கிறது என்று காட்டாது.

சூரியனைச் சுற்றி வட்டம் கட்டினால் புயல் நம் மேல்தான் என்று நினைப்பது

கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் உள்ள தூரம்தான் அந்த வட்டத்தின் ஆரம், ஏறத்தாழ 22 டிகிரி. மேலே பனித்துகள் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். ஆனால் கீற்றுகளின் போக்குக்கு மதிப்பு உண்டு. 1870-களில் ஹவானாவில் பெனிட்டோ வின்யெஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார், கீற்றுகள் எந்தத் திசையிலிருந்து விரிகின்றன என்று பார்த்தே தொலைவில் புயல் இருக்கும் இடத்தைக் கணித்தார். புயல் எங்கே இருக்கிறது என்பது வேறு, எங்கே வரும் என்பது வேறு.

மதியம் படத்தில் புயலின் வெள்ளை வட்டம் பெரிதானதும் "வலுப்பெற்றது" என்று எழுதுவது

கடல்மேல் இடிமேகங்கள் இரவில்தான் உச்சத்துக்கு வரும். அவை கக்கிய பனி மறுநாள் பிற்பகல் வரை வெளிநோக்கி விரிந்துகொண்டே போகும். புயல் ஆய்வாளர் ஜேசன் டனியனின் குழு 2014-இல் இந்த அன்றாடத் துடிப்பை விரிவாகவே எழுதியது. எனவே இன்றைய பிற்பகல் படத்தை நேற்றைய பிற்பகல் படத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எல்லாக் கீற்றும் புயல் கக்கியதுதான் என்று நினைப்பது

இல்லை. புயலுக்கு மேலே காற்று அலைகளில் ஏறிக் குளிரும்போது அங்கேயே புதிதாகவும் பனி உருவாகும். கண்ணுக்கும் அகச்சிவப்புக்கும் தப்பும் அளவுக்கு மெல்லியது. 2006 முதல் 2023 வரை பறந்த கலிப்ஸோ செயற்கைக்கோளின் லேசர்தான் அதை நன்றாகக் காட்டியது.

புயலின் கண் தெரியவில்லை, அதனால் பலவீனம் என்று சொல்வது

பனிப்போர்வை மூடியிருக்கலாம். அந்தப் போர்வையை ஊடுருவிப் பார்க்கும் மைக்ரோவேவ் படம் வரும்வரை பொறுங்கள்.