கரை கடந்த புயலை தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கணக்குப் பார்ப்பது எப்படி

வங்கக் கடலில் புயல் உருவானதும் துறைமுகக் கூண்டு எண், அலை உயரம், மீனவர்களுக்கான எச்சரிக்கை என்று செய்தி ஓடும். ‘புயல் கரையைக் கடந்தது’ என்ற வரி வந்ததும் நம் மாவட்டங்களில் பலர் டிவியை அணைத்துவிடுகிறார்கள். நமக்கு ஆபத்து அந்த வரிக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை பதிவானது. அந்த நேரத்தில் அது வலுவிழந்து, புயல் என்ற தகுதியையே இழந்திருந்தது.

காரணம் இதுதான். கடலோரத்துக்கு முதல் எதிரி காற்றும் அலையும். உள்மாவட்டத்துக்கு எதிரி மழை. மழையின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது புயல் நகரும் வேகம். அதன் காற்று வேகத்தைப் பார்த்து மழையைக் கணக்குப் போட முடியாது. ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் பல மணி நேரம் நகராமல் நின்றது. மையம் நிலத்துக்கு வந்துவிட்டாலும், அதன் வடக்கு, கிழக்குப் பகுதிக் காற்று கடல் ஈரத்தை இழுத்து உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தது. ஜவ்வாது மலைக்கும் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஊத்தங்கரை, அரூர் வட்டாரம் இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த வழியில் புகுந்து, சரிவில் ஏறி, குளிர்ந்து கொட்டுகிறது.

அதனால் வானிலை மையத்தின் அறிக்கையில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மையம் இருக்கும் இடம் (அட்சரேகை, தீர்க்கரேகை), நகரும் திசை, கடந்த ஆறு மணி நேரத்தில் நகர்ந்த வேகம். நம் அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகை என்பது ஏறக்குறைய 109 கி.மீ. புதுச்சேரியிலிருந்து ஊத்தங்கரை நேர்க்கோட்டில் சுமார் 140 கி.மீ. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வந்தால் 14 மணி நேரம். வேகம் 5 கி.மீ. என்றால் நேரமும் இரட்டிப்பு, மழையும் அதற்கேற்ப நீளும். ‘மெதுவாக நகர்கிறது’, ‘அதே இடத்தில் நிலைகொண்டுள்ளது’ என்ற சொற்கள் வந்தால், சிவப்பு எச்சரிக்கை இல்லாவிட்டாலும் அன்றிரவு தாழ்வான இடத்தில் தூங்காதீர்கள்.

திசையை வீட்டு வாசலிலிருந்தே ஓரளவு பார்க்கலாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயல் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். வடக்கிலிருந்து வாடை அடித்தால் மையம் கிழக்கே. அது மேற்குக் காற்றாகத் திரும்பினால் மையம் நமக்கு வடக்கே போகிறது. கிழக்குக் காற்றாகத் திரும்பினால் தெற்கே போகிறது. பள்ளத்தாக்கில் தரைக்காற்று பொய் சொல்லும். தாழ்வாக ஓடும் மேகத்தின் போக்கைப் பாருங்கள்.

மழையை நீங்களே அளக்க வேண்டும். பெயிண்ட் வாளி வேண்டாம். மேல்வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருப்பதால் உள்ளதைவிட அதிகம் காட்டும். அடியும் வாயும் ஒரே அளவுள்ள எவர்சில்வர் சம்படத்தை, மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, திறந்த இடத்தில் கல்வைத்து அசையாமல் நிறுத்துங்கள். ஸ்கேலை உள்ளே நிறுத்தி மணிக்கொரு முறை அளந்து எழுதுங்கள். ஒரு நாளில் 6.5 செ.மீ. தாண்டினால் கனமழை, 11.5 தாண்டினால் மிக கனமழை, 20.4 தாண்டினால் அதி கனமழை. ஒரு மணி நேரத்தில் 3 செ.மீ. என்று இரண்டு முறை தொடர்ந்து வந்தால் காத்திருக்காமல் மேட்டுக்குப் போங்கள். 10 செ.மீ. மழை என்றால் ஒரு ஏக்கரில் மட்டும் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். மேலே நூறு ஏக்கர் சரிவு இருந்தால் அதில் பெரும்பகுதி உங்கள் ஓடைக்குத்தான் வரும்.

ஏரிக்கரை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஏரிகள் சங்கிலியாக இருப்பவை. மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளதும் தாங்காது. மழைக்கு முன்பே கலிங்கில் (ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் வழி) அடைத்த முள், ஆகாயத்தாமரை, மீனுக்குக் கட்டிய வலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கலிங்கு வழியாகப் போக முடியாத தண்ணீர் கரை மேல் ஏறும். மண் கரை அதைத் தாங்காது. மழையின்போது கரையின் வெளிப்புற அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஊற்றின் வாயில் மூட்டையைப் போட்டு அடைக்கக் கூடாது, தண்ணீர் பக்கத்தில் வேறு வழி பிடிக்கும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரை ஏறவிடுங்கள். அந்த எடையே அரிப்பைக் குறைக்கும். மூட்டையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், நிறைந்த மூட்டை பக்கத்து மூட்டையோடு படியாது. அதே நேரத்தில் கிராம நிர்வாக அலுவலருக்கும் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கும் சொல்லி, கீழே உள்ள ஊருக்கும் ஆள் அனுப்புங்கள்.

தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள் கிருஷ்ணகிரி அணையின் நீர்மட்டத்தை விட, அணைக்கு வரும் நீரையும் திறந்துவிடும் நீரையும் பார்க்க வேண்டும். முழு மட்டம் 52 அடி. அணை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வந்த தண்ணீர் அப்படியே வெளியேறும்; காவேரிப்பட்டணத்துக்குக் கீழே யாருக்கும் அதிக நேரம் கிடைக்காது.

மாட்டைக் கொட்டகையில் கட்டிவைத்துவிட்டுப் போகாதீர்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டால் அதுவே மேடு தேடும். கிணற்றுத் திட்டில் உள்ள மோட்டாரை மேலே ஏற்றி, ஸ்டார்ட்டர் பெட்டியின் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிடுங்கள். கேழ்வரகுப் போரை மேட்டில் வைத்து, தார்ப்பாயின் ஓரங்களைக் கல்லால் அழுத்துங்கள். மரவள்ளித் தோட்டத்தில் வடிகால் வெட்ட மழை நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். சில நாள் தண்ணீர் நின்றாலே கிழங்கு அழுகும்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது வண்டியை இறக்காதீர்கள். முழங்கால் அளவு கூட வேண்டாம், ஒரு அடி ஓட்டமே சிறிய காரைத் தூக்கிவிடும். ஊத்தங்கரையில் அன்று சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் உருண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். ஏரி உபரிநீர் போகும் வழியில் நிறுத்தியிருந்த வண்டிகள் அவை. உங்கள் ஊரில் அந்த வழி எங்கே போகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு, புயல் கடலில் இருக்கும்போதே வண்டியை இடம் மாற்றுங்கள்.