பெங்களூர்ல முதல் கார் வாங்குறீங்களா? ஷோரூம் கொட்டேஷனை வரி வரியா பிரிக்கிறது எப்படி

"8 லட்சம் தான் சார்"னு உக்கார வச்சு காபி குடுப்பாங்க, கடைசில நீட்டுற பேப்பர் 10 லட்சத்தை தொட்டு நிக்கும். நடுவுல அந்த 2 லட்சம் எங்க போச்சுன்னு கேக்குறதுக்கே நம்மாளுங்க நிறைய பேர் கூச்சப்படுறாங்க. கூச்சமே வேணாம், நம்ம காசு.

ஸ்டெப் 1: எழுத்துல வாங்குங்க

"ஆன்ரோடு இவ்ளோ"ன்னு, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்த மொத்த விலையை, வாயால சொல்றது கணக்கே இல்ல. ஒவ்வொரு ஐட்டமும் தனித்தனியா போட்ட கொட்டேஷன், ஷோரூம் சீலோட வேணும். "இன்னைக்கே லாஸ்ட் சார், நாளைக்கு ஆஃபர் இல்ல"ன்னு அவசரப்படுத்தினா எழுந்து வந்துடுங்க, மாசக் கடைசில டார்கெட் முடிக்க அவங்களே போன் பண்ணுவாங்க.

ஸ்டெப் 2: அரசாங்கத்துக்கு போற காசை தனியா எடுங்க

கர்நாடகால ஆயுள் வரி, அதாவது ரிஜிஸ்டர் பண்றப்போ ஒரே தடவை கட்டுற ரோடு டாக்ஸ், ஜாஸ்தி. வண்டி விலை 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 14 சதவீதம், 10 தாண்டினா 17, 20 தாண்டினா 18, இதுக்கு மேல செஸ்னு கூடுதல் வரி வேற. இங்க தான் ஒரு பெரிய குழி இருக்கு: 9.90 லட்சம் வேரியண்ட் பாத்துட்டு இருக்கீங்க, சேல்ஸ் பையன் "இன்னும் 20 ஆயிரம் போட்டா டாப் மாடல் சார்"ன்னு 10.10க்கு இழுக்குறான்னு வைங்க, 17 சதவீதம் முழு விலைக்கும் விழும், அதனால வரி மட்டுமே சுமார் 33 ஆயிரம் கூடும், அதை அவன் சொல்லவே மாட்டான். கூடவே 10 லட்சம் தாண்டினதால 1 சதவீதம் டிசிஎஸ் (விக்கிறவங்க நம்மகிட்ட பிடிச்சு அரசாங்கத்துக்கு கட்டுற வருமான வரி முன்பணம்) பிடிப்பாங்க, அதை ஐடி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், சர்டிஃபிகேட் மட்டும் கேட்டு வாங்கிடுங்க.

ஸ்டெப் 3: இன்சூரன்ஸ்

பணம் அதிகமா கரையுறது இங்க தான். "இன்சூரன்ஸ்"னு ஒரே வரில பெரிய தொகை இருக்கும். அதை ரெண்டா பிரிக்கச் சொல்லுங்க. தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால மத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கு) புது காருக்கு 3 வருஷம் கட்டாயம், ரேட்டை அரசாங்கம் ஃபிக்ஸ் பண்ணுது, எந்த கம்பெனில எடுத்தாலும் ஒண்ணு தான். மீதி இருக்குற ஓன் டேமேஜ் (நம்ம வண்டிக்கு வர்ற சேதத்துக்கு) தான் பேரம் பேசுற இடம், அதை 1 வருஷத்துக்கு மட்டும் எடுத்தா போதும். அதே ஐடிவி (பாலிசில வண்டிக்கு போடுற மதிப்பு), அதே ஆட்-ஆன் (கூடுதல் கவர்) போட்டு ஆன்லைன்ல ரெண்டு மூணு கம்பெனி ரேட் எடுத்து டேபிள் மேல வைங்க. "வெளிய போட்டா கேஷ்லெஸ் கிடைக்காது சார்"னு பயமுறுத்துவாங்க. கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லை கம்பெனியே நேரடியா சர்வீஸ் சென்டருக்கு கட்டுறது, கிடைக்கிறது அந்த இன்சூரன்ஸ் கம்பெனியோட நெட்வொர்க்ல அந்த சர்வீஸ் சென்டர் இருக்கான்றதை பொறுத்தது, பாலிசியை எங்க வாங்கினோம்ன்றதை பொறுத்தது இல்ல. டீலர்கிட்டயே வாங்கணும்னு கட்டாயப்படுத்த அவங்களுக்கு உரிமையே கிடையாது.

ஸ்டெப் 4: மத்ததெல்லாம் அடிங்க

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், எசென்ஷியல் கிட், டெஃப்லான் கோட்டிங். இதுல எதுவும் அரசாங்க கட்டணம் இல்ல, பேனாவால அடிச்சுட்டு திருப்பி குடுங்க. நம்பர் பிளேட்டுக்கு தனி சார்ஜும் வேணாம், அது வண்டி விலைலயே சேர்ந்தது. மேட்டு, சீட் கவர் வேணும்னா கார் ஆக்சஸரி கடைங்க நிறைய இருக்குற ஜே.சி. ரோட்ல பாதி விலைக்கு பேசி வாங்கலாம்.



ஸ்டெப் 5: லோன்

"7 சதவீதம் தான்"னா, ஃப்ளாட்டா (கடைசி வரைக்கும் முழு கடனுக்கும் வட்டி) ரெட்யூசிங்கான்னு (மீதி இருக்குற கடனுக்கு மட்டும் வட்டி) முதல்ல கேளுங்க. 5 வருஷ லோனுக்கு 7 ஃப்ளாட்னா நிஜத்துல 12.5 பக்கம் வருது. உங்க சம்பள அக்கவுண்ட் இருக்குற பேங்க்லயும் ரேட் கேட்டுட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.

ஸ்டெப் 6: மீதி பணம் கட்டுறதுக்கு முன்னாடி

ரிஜிஸ்ட்ரேஷனுக்கு போறதுக்கு முன்னாடியே யார்டுல (டீலர் வண்டியை நிறுத்தி வைக்கிற இடத்துல) பகல் வெளிச்சத்துல வண்டியை பாருங்க. சேஸிஸ் நம்பர்ல 10ஆவது எழுத்து வண்டி தயாரான வருஷத்தை காட்டும், எஸ்னா 2025, ஆர்னா 2024. பழைய ஸ்டாக்னா தள்ளுபடி கேளுங்க, இல்ல வேற வண்டி கேளுங்க. புக்கிங் ரசீதுலயே "கேன்சல் பண்ணா முழு பணமும் ரீஃபண்ட்"னு எழுதி வாங்கியிருந்தா இந்த இடத்துல தைரியமா பேசலாம், தர மறுத்தா 1915க்கு, அதான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், போன் போட்டு கொட்டேஷனையும் ரசீதையும் வச்சு கம்ப்ளெயின்ட் பதியுங்க.