ஓசோன் நிதியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் 16 ஓசோன் தினம் வந்தால் கட்டுரைகள் வரிசை கட்டி வரும். "வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்கு நிதியுதவி அளித்தன" என்ற ஒரு வரி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் எத்தனை தவறான எண்ணங்கள்! போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், சூழலியல் எழுதுபவர்கள், குளிர்பதனத் தொழிலில் இருப்பவர்கள் என்று எல்லோரிடமும் அவற்றைப் பார்க்கிறேன்.

பெரிய தவறு, இதை நன்கொடை என்று நினைப்பது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது இந்தியாவும் சீனாவும் அதில் சேரவில்லை. ஃப்ரிட்ஜ், ஏசி போன்றவற்றில் பயன்பட்டு ஓசோன் படலத்தைக் கெடுத்த சிஎஃப்சி என்ற வேதிப்பொருளில் பெரும்பங்கு பணக்கார நாடுகள் பயன்படுத்தியது. நம் வீடுகளில் ஃப்ரிட்ஜ் வரத் தொடங்கிய நேரத்தில் 'நிறுத்து' என்றால், மாற்றத்துக்கான செலவை யார் தருவது? 1990 லண்டன் கூட்டத்தில் இந்தியா இதைத்தான் கேட்டது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் மேனகா காந்தி. அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் பலதரப்பு நிதியம். முதல் மூன்று ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். 1992இல் இந்தியா சேர்ந்தது. வளரும் நாடுகள் தங்கள் கடமையை நிறைவேற்றுவது நிதி ஒத்துழைப்பைப் பொறுத்தது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நிதியத்தின் செயற்குழுவில் 14 இடங்கள், வளர்ந்த நாடுகளுக்கு ஏழு, வளரும் நாடுகளுக்கு ஏழு. கொடுப்பவர் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கும் இடம் அல்ல இது.

சரி, நன்கொடை இல்லையென்றால் முழுச் செலவையும் தந்துவிடுவார்களா? அதுவும் இல்லை. நிதியம் தருவது 'கூடுதல் செலவு' மட்டும். குளிர்சாதன அறைகளுக்கான பேனல் செய்யும் ஒரு சிறிய ஆலையை எடுத்துக்கொள்வோம். பேனலுக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரையை உப்ப வைக்க அங்கே எச்சிஎஃப்சி-141பி பயன்படுத்தி வந்தார்கள். எச்சிஎஃப்சி என்பது சிஎஃப்சிக்குப் பதிலாக வந்த, ஓசோனைக் குறைவாகக் கெடுக்கும் வகை. மாற்றாக சைக்ளோபென்டேன் வருகிறது. அது ஓசோனைத் தொடாது, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். அதனால் தனிச் சேமிப்புத் தொட்டி, வாயுக் கசிவை உணரும் கருவி, காற்றை வெளியேற்றும் விசிறிகள், தீப்பொறி வராத மின் இணைப்புகள், தொழிலாளர்களுக்குப் பயிற்சி எல்லாம் தேவை. இவை இந்த மாற்றத்தால் மட்டுமே வந்த செலவு என்பதால் நிதியம் கணக்கில் எடுக்கும். 'எப்படியும் இயந்திரத்தை மாற்றுகிறோமே, கூடவே உற்பத்தியையும் இரண்டு மடங்காக்கிவிடுவோம்' என்றால், அந்த விரிவாக்கம் ஆலையின் சொந்தப் பணத்தில்தான்.

இங்கே தேதி மிக முக்கியம். எச்சிஎஃப்சி விஷயத்தில் 2007 செப்டம்பர் 21க்குப் பிறகு நிறுவிய உற்பத்தித் திறனுக்கு நிதி கிடையாது. ஓசோனைத் தொடாமல் புவியைச் சூடாக்கும் எச்எஃப்சிக்கு அந்த எல்லை பெரும்பாலான வளரும் நாடுகளுக்கு 2020 ஜனவரி 1, இந்தியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு 2024 ஜனவரி 1. நிதி வாங்குவதற்காகவே புதிதாக ஆலை தொடங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆலையில் வளர்ந்த நாட்டு நிறுவனத்துக்குப் பங்கு இருந்தால், அந்த அளவுக்கு நிதியும் குறையும். திட்டம் போடும் தொழில்முனைவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

பட்டியலில் இருந்தாலே பணம் வரும் என்பதும் தவறு. ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு நாடுகள், அதாவது வளரும் நாடுகள், பட்டியலில் சிங்கப்பூரும் தென் கொரியாவும் கூட உண்டு, ஆனால் அவை இந்த நிதியை நாடுவதில்லை. ரஷ்யா அதில் இல்லை. முன்னாள் சோவியத் நாடுகள் பலவற்றுக்கு உதவியது உலகச் சுற்றுச்சூழல் வசதி என்ற வேறொரு நிதி.

அப்புறம், 'பணம் வந்தது, அரசு செலவழித்தது' என்று எழுதுவது. பணம் ஐநா வளர்ச்சித் திட்டம், ஐநா சுற்றுச்சூழல் திட்டம், ஐநா தொழில் வளர்ச்சி அமைப்பு, உலக வங்கி ஆகிய நான்கு அமைப்புகள் வழியாகவும், ஓரளவு நேரடி இருதரப்பு உதவியாகவும் போகிறது. அதுவும் தவணை தவணையாக. இந்தியாவில் சிஎஃப்சி உற்பத்தியை மூட 1999இல் 8.2 கோடி டாலர் ஒப்புக்கொள்ளப்பட்டது. மேட்டூரில் ஆலை வைத்திருந்த செம்பிளாஸ்ட் சன்மார் உட்பட நான்கு நிறுவனங்கள் அதில் இருந்தன. ஆண்டுதோறும் உற்பத்தி குறைந்ததைத் தணிக்கை செய்து சரிபார்த்த பிறகே அடுத்த தவணை. 2010 கெடுவுக்கு முன்பே, 2008 ஆகஸ்டில், ஆஸ்துமா இன்ஹேலர் தேவை தவிர மற்ற உற்பத்தி நின்றது. நாம் பெருமையாகச் சொல்ல வேண்டிய கதை, ஏனோ யாரும் சொல்வதில்லை.

ஆனால் ஆலையை மூடியதோடு வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. 2018இல் விஞ்ஞானிகள், சிஎஃப்சி-11 வளிமண்டலத்தில் எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்று கண்டுபிடித்தார்கள். தென் கொரியா, ஜப்பான் தீவுகளில் இருந்த நிலையங்களின் அளவீடுகள் கிழக்குச் சீனாவைக் காட்டின. நிதி பெற்று உற்பத்தியை நிறுத்திவிட்ட நாடு! நடவடிக்கைக்குப் பிறகு 2019க்குள் வெளியேற்றம் சரிந்தது. கண்காணிப்புக்கும் பணம் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். எச்சிஎஃப்சி-22 தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு வரும். புவியைச் சூடாக்கும் அந்த வாயுவை எரித்ததற்கு, விற்றுக் காசாக்கக்கூடிய கார்பன் வரவு கிடைத்தது. அந்த வருமானம் பெரிதாகி, கழிவுக்காகவே உற்பத்தி நடக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது காலநிலை மாற்றத்துக்கான கியோட்டோ ஒப்பந்தத்தின் ஏற்பாடு. அந்தப் பழியைப் பலதரப்பு நிதியத்தின் மேல் போடுவது அநியாயம். 2016இல் இந்தியா அந்த வாயுவைத் தங்கள் செலவிலேயே எரிக்கும்படி உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது.

ஏசி வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. பழைய ஆர்-22 (எச்சிஎஃப்சி-22) ஏசியில் கேஸ் தீர்ந்தால் அதே யூனிட்டில் ஆர்-290 ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ஆர்-290 என்பது புரோப்பேன். அதற்கென்றே வடிவமைத்த யூனிட்டில் நல்ல தேர்வு. பழைய யூனிட்டின் மின்பாகங்கள் தீப்பற்றும் வாயுவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இப்படி மாற்றும் நாடு அதன் பொறுப்பையும் ஆபத்தையும் தானே ஏற்க வேண்டும் என்று செயற்குழுவே முடிவெடுத்திருக்கிறது. சிலிண்டரில் 'ஓசோனுக்குப் பாதிப்பில்லை' என்று இருப்பதை மட்டும் நம்பவும் கூடாது. எச்எஃப்சி கலவையான ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல சுமார் 2,000 மடங்கு. 2016 கிகாலி திருத்தம் இத்தகைய எச்எஃப்சிகளைக் குறைக்கத்தான் வந்தது.

ஒரு நாட்டுக்கு எவ்வளவு கிடைத்தது என்று எழுதும் முன், செயற்குழுவுடன் அந்த நாடு செய்துகொண்ட உடன்பாட்டைத் திறந்து பாருங்கள். பொதுவெளியில்தான் இருக்கிறது. இணைப்பு 2-ஏ அட்டவணையில் எந்த ஆண்டு எவ்வளவு பயன்பாடு, எவ்வளவு தவணை என்பது இருக்கும். இணைப்பு 7-ஏவில், இலக்கைத் தாண்டினால் கிலோவுக்கு எவ்வளவு பிடித்தம் என்பதும் இருக்கும்.